வயருக்குச் சுற்றிய தோல்

மாதனூரைத் தாண்டி ஒரு மைல் வந்ததும் வலது செருப்பின் வார் பிய்ந்தது. இடது செருப்பையும் கழற்றி, இரண்டையும் சாலையோரப் புல்லில் வீசிவிட்டு நடந்தேன். விடிந்ததும் ஆம்பூரிலிருந்து கிளம்பியவன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, செல்போன் சார்ஜர். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் வேன் டிரைவர்கள் நிற்பார்கள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நடந்தேன்.

சொல்லிக்கொள்ளாமல் போவது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தையே அப்படித்தான் விட்டேன். அதன்பின் கணியம்பாடிப் பக்கம் செங்கல் சூளை, ஒரு லாரியில் கிளீனர் வேலை, கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவும் வேலை, வாலாஜாபேட்டை பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் மூன்று வருடம். ஒவ்வொன்றிலிருந்தும் ஏதோ ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறேன். பின்னால் யாரும் தேடி வந்ததில்லை. தேடி வரும்படி நான் எதையும் செய்துவிட்டு வந்ததில்லை.

இந்த முறை செய்துவிட்டு வந்திருந்தேன். நான் காவல் இருந்த ஷெட்டைச் சேர்ந்த ஒரு வேன், மூன்று நாள் முன்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. உள்ளே இருந்த பெண்களில் ஒருத்திக்கு இரண்டு கைகளும் வெந்துவிட்டன. பழி டிரைவர் மேல் விழுந்தது. அவருடைய லைசென்ஸை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தீ எதனால் பிடித்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஷெட் ஆம்பூருக்கு வெளியே பாலாற்று ஓரத்தில் இருந்தது. ஷெட் என்றால் நான்கு பக்கம் தகரம், மேலே பாதிக்குக் கூரை. ஏழு வேன்கள் நிற்கும். சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வண்டிகள். காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து நிறுத்துவார்கள், சாயங்காலம் போய் அழைத்துவருவார்கள். நான் அங்கே வாட்ச்மேன். கேட்டைத் திறந்து மூட வேண்டும், தரையைக் கூட்ட வேண்டும். இவை இரண்டும் பேருக்குத்தான். உண்மையான வேலை பெருச்சாளிகளிடமிருந்து வயரைக் காப்பாற்றுவது.

தகரத்துக்கு அந்தப் பக்கம், தோலிலிருந்து சுரண்டி எடுத்த சவ்வைக் காயப்போடும் மனை ஒன்று இருந்தது. சவ்வைக் காய்ச்சி வஜ்ஜிரம் என்ற பசை எடுப்பார்கள். அதன் நாற்றம் பத்து நாளில் பழகிவிடும். அதைத் தின்று வளர்ந்த பெருச்சாளிகள் பழகாது. பூனை அளவு இருக்கும். தெருநாய் எதிரே வந்தால் நாய்தான் ஒதுங்கிப் போகும். வயிறு நிறைந்த பிறகு அவற்றுக்குப் பல்லைத் தேய்க்க ஏதாவது வேண்டும். வேன் வந்து நின்றதும் கதகதப்பான இன்ஜினுக்கு ஏறிவிடும். காலையில் டிரைவர் சாவியைத் திருகினால் சத்தமே வராது. ஐம்பது பெண்கள் சாலையோரம் நிற்பார்கள், கம்பெனியில் கேட்டை மூடிவிடுவார்கள், அன்றைக்கு அரைநாள் சம்பளம் போய்விடும். அவர்கள் திட்டுவது டிரைவரை. டிரைவர் திட்டுவது என்னை.

நான் வந்து சேர்வதற்கு முன்பே எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். இன்ஜினுக்குள் புகையிலைக் கட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் அந்தப் புகையிலை மேலேயே புழுக்கை போட்டுவிட்டுப் போயின. பாச்சை உருண்டை வைத்தார்கள். பினாயில் தெளித்தார்கள். எலி ஒட்டும் அட்டை வைத்ததில் ஒரு ஓணானும் இரண்டு அணில்களும் மாட்டின. மெக்கானிக் ஒருவர் இன்ஜினைச் சுற்றிக் கம்பி வலை அடித்துக் கொடுத்தார். வலைக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தது. பெருச்சாளிக்கு அது வாசற்கதவு.

தோல் யோசனை என்னுடையது. வாலாஜாவில் தோலைப் பதப்படுத்தும் டிரம் ஓட்டியபோது பார்த்த விஷயம் அது. பச்சைத் தோலை, அதாவது உப்புப் போட்டு வரும் ஆட்டுத்தோலை, எலி விடாது. அதே தோல் சுண்ணாம்பும் ரசாயனமும் தின்று நீலநிறமாக வெளியே வந்துவிட்டால், மாதக்கணக்கில் அடுக்கி வைத்தாலும் ஒரு எலி பல் வைக்காது. மூன்று வருடத்தில் ஒரு நீலத் தோலில்கூட நான் பல் தடம் பார்த்ததில்லை. அப்படியானால் வயர் மேல் அந்தத் தோலைச் சுற்றினால் என்ன? ஆம்பூரில் தோல் துண்டுக்கா பஞ்சம்? கழித்துப்போட்ட துண்டுகளை மூட்டை மூட்டையாக வெளியே தள்ளுவார்கள்.

ஓனரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“தோலுக்குப் பொறந்த ஊர்ல தோல வெச்சே எலிய தொரத்தப் போறியா? செய்டா, பாக்கலாம்.”

முதலில் ஒரு வண்டிக்குச் செய்தேன். நீலத் தோலைப் பட்டையாக வெட்டி, வயர் கட்டின் மேல் சுற்றி, மெழுகு நூலால் இறுக்கிக் கட்டினேன். ஒரு மாதம் எதுவும் தொடவில்லை. மற்ற வண்டிகளுக்கும் செய் என்றார் ஓனர். மேலும் இரண்டு வண்டி முடிந்தபோது நீலத் துண்டு தீர்ந்துவிட்டது. அடுத்து வந்த மூட்டையில் பழுப்பும் கருப்புமாக இருந்தன. அவை அடுத்த கட்டத்தைத் தாண்டிய தோல்கள். நீலத் தோல் விறைப்பாக இருக்கும் என்பதால் சாயத்தோடு எண்ணெயும் ஏற்றி மெதுவாக்குவார்கள். பழுப்புத் துண்டு கைக்குத் துணி மாதிரி வளைந்தது. இன்ஜின் இடுக்கில் விரல் போகாத இடத்திலெல்லாம் அழகாகச் சுற்ற வந்தது. நல்லதாகப் போயிற்று என்று மீதி நான்கு வண்டிக்கும் அதையே சுற்றினேன்.

அந்த எண்ணெயில் மீன் எண்ணெய் கலந்திருக்கும். டிரம்முக்குப் பக்கத்தில் நின்று மூன்று வருடம் அந்த வாடையைக் குடித்தவன் நான். சட்டையிலும் தலைமுடியிலும் சோற்றிலும் அந்த வாடைதான். அதனாலேயே அது எனக்கு வாடையாகத் தெரியாமல் போயிருந்தது. வேறு ஊரில் வேறு வேலை செய்தவனாக இருந்தால் ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோனதுமே கீழே போட்டிருப்பான். இன்ஜின் சூட்டில் அந்த எண்ணெய் உருகிக் கசியும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

தீப்பிடித்த வேனின் டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். ஷெட்டில் என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பவர் அவர் ஒருவர்தான். அந்த வேனில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். உட்கார இடம் கிடைக்காதவர்கள் அந்த மூடி மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காருவார்கள். கடைசி ஊரில் ஏறும் ஒரு பெண்ணுக்குத் தினமும் அந்த இடம்தான். தையல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். கம்பெனிக்கு வந்து இறங்குவதற்குள் வேர்த்து நனைந்துவிடுகிறாள் என்று டிரைவர் தன் கைக்காசில் சின்ன ஃபேன் ஒன்று வாங்கி, தானே வயர் இழுத்து மாட்டினார். மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்தார்கள்.

“இன்னா மாமா, வண்டில ஏசி போட்டுட்டியாமே? டிக்கெட் ஜாஸ்தி பண்ணுவியா?”

“உன் தங்கச்சிய அந்த மூடி மேல ஒரு நாளு ஒக்கார வெச்சுப் பாரு. அப்புறம் வந்து பேசு” என்றார் அவர்.

தீப்பிடித்த அன்று காலை ஆறு மணிக்கு நான் ஷெட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேனுக்கு அடியில் துடைப்பத்தில் ஏதோ சிக்கியது. பழுப்புத் தோலின் பொடித் துணுக்குகள். அவற்றோடு சிவப்பு பிளாஸ்டிக் தூள். வயரின் மேல்தோல் அது. பார்த்ததும் புரிந்துவிட்டது. இன்ஜின் மூடியைத் திறக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் முந்தின நாள்தான் ஓனர், வேறு ஒரு வேன்காரரைக் கூட்டிவந்து, என் தோல் சுற்றலைக் காட்டி, “இவன் மூளைய பாருங்க” என்று சொல்லியிருந்தார். என் வாழ்க்கையில் என் மூளையைப் பற்றி ஒருவர் நல்லபடியாகச் சொன்னது அதுதான் முதல்முறை. நான் குனிந்து நிற்கும்போதே டிரைவர் சாவியைத் திருகினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. வயர் அறுந்திருந்தால் ஸ்டார்ட் ஆகுமா, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். துணுக்குகளைக் கூட்டிக் குப்பையில் போட்டேன். கேட்டைத் திறந்துவிட்டேன்.

வயர் அறுபடவில்லை. மேல்தோல் போய்ச் செம்பு வெளியே தெரிந்திருக்கிறது. கடைசி ஊரில் பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததில் அது தகட்டில் பட்டிருக்கிறது. எண்ணெய் ஊறிய தோல் உடனே பற்றிக்கொண்டது. மூடியின் விளிம்பு வழியாகப் புகையும் தீயும் ஒன்றாக வந்தன. டிரைவர் பிரேக்கை மிதித்தார். மூடி மேல் இருந்தவள் முன்னால் சரிந்து, எழுந்திருக்க இரண்டு கைகளையும் அந்த மூடியின் மேலேயே ஊன்றிவிட்டாள். நைலான் சாக்கு உருகிக் கையில் ஒட்டிக்கொண்டது. டிரைவர் அவளைத் தூக்கிக்கொண்டு குதித்தார். மற்றவர்கள் பின்கதவு வழியாக இறங்கிவிட்டார்கள்.

கருகிய வேனை மதியம் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். டிரைவர் தானே இழுத்து மாட்டிய ஃபேன் வயர் உருகித் தொங்கியது எல்லோர் கண்ணிலும் பட்டது. “இத யாரு மாட்டச் சொன்னது?” என்று ஓனர் தலையில் கைவைத்தார். ஸ்டேஷனிலும் அதையே எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போனபின் நான் இன்ஜினுக்குள் கைவிட்டேன். தோல் சுருங்கிக் கரிக்கட்டையாக இறுகியிருந்தது. அதைப் பிய்த்தெடுத்து ஆற்றோரம் எரியும் குப்பையில் போட்டேன். அடுத்த இரண்டு நாளில் மற்ற ஆறு வண்டிகளிலிருந்தும் எல்லாத் தோலையும் அறுத்து எடுத்துவிட்டேன். கேட்டால் நனைந்துவிட்டது என்று சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டேன்.

பள்ளிகொண்டாவை நெருங்கும்போது செல்போன் அடித்தது. டிரைவர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்தேன்.

“தம்பி, எங்க கீற?”

“வெளிய வந்தேன்ணா.”

“நான் வேலூர்ல ஆஸ்பத்திரியில கீறேன். அந்தப் பொண்ணுகூட. ஒரு உதவி பண்ணுடா. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக்கிறாங்க. ஃபேன் வயர்லதான் தீ வந்துச்சுன்னு எழுதி என்கிட்ட கையெழுத்து கேக்கறாங்க. போட்டா என் லைசென்ஸ் போச்சு, கேஸும் என் மேலதான். டெய்லி வண்டிய குனிஞ்சி பாக்கறவன் நீ ஒருத்தன்தான். நான் போட்ட வயரு ஒழுங்கா இருந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.”

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“தம்பி? லைன்ல கீறியா?”

“கீறேன்ணா.”

“வர்றியா?”

வருகிறேன் என்று சொன்னேன். சொன்னபிறகும் எனக்கு நிச்சயமில்லை. சிம் கார்டைக் கழற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? வாலாஜா, அதைத் தாண்டினால் காஞ்சிபுரம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்தேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் போயிருப்பேன். நான் ஒழுங்கானவன் என்று நம்பிக் கேட்டுவிட்டார். பள்ளிகொண்டாவில் ஒரு கடையில் ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏறினேன்.

தீக்காய வார்டுக்கு வெளியே வராந்தாவில் டிரைவர் நின்றிருந்தார். மூன்று நாள் தாடி. சட்டைக் கையில் தீப்பட்ட ஓட்டை அப்படியே இருந்தது. பக்கத்தில் தரையில் ஒரு அம்மா கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் தாய். வயல் வெயிலில் நின்றே கறுத்த முகம்.

“யாரு இது?” என்று கேட்டாள்.

“ஷெட்டுல வேல பாக்கற தம்பி. எனக்கு சாட்சி சொல்ல வந்துக்கிறான்” என்றார் டிரைவர். குரலில் ஒரு தெம்பு.

“சொல்லுப்பா. பொய்யி சொல்லாத, கண்டத சொல்லு” என்றாள் அவள். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் பேசினாள். “முழிச்சா ஒரே கேள்விதான் கேக்குது. கம்பெனில பேர எடுத்துருவாங்களாம்மான்னு. வெரல மடக்க முடியுமான்னு டாக்டருக்கே இன்னும் தெரியல. இது கம்பெனிய கேக்குது.”

அந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிட்டு வரவில்லை. டிரைவரைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்லலாம் என்றுதான் பஸ்ஸில் யோசித்திருந்தேன். கால் நகரவில்லை.

“அண்ணா, ஃபேன் இல்லணா. நான் சுத்துன தோலு.”

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். எண்ணெய்த் தோலைச் சொன்னேன். அன்றைக்குக் காலையில் கூட்டிப் போட்ட துணுக்கைச் சொன்னேன். கரியைப் பிய்த்து எரித்ததைச் சொன்னேன். டிரைவர் கையிலிருந்த டீ கப்பைச் சுவரோரம் வைத்தார்.

“நான் சாவிய போடும்போது நீ அங்கதான நின்ன?”

“ஆமாண்ணா.”

“துடப்பத்த கையில வெச்சுகினு, என் மூஞ்ச பாத்துகினு நின்ன.”

“ஆமாண்ணா.”

அவர் என்னை அடிக்கக் கையை ஓங்கினார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி “இங்க சத்தம் போடாதீங்க” என்றாள். கை இறங்கியது.

அந்த அம்மாதான் பேசினாள். “எண்ணெ போட்ட தோலுன்னா எலி வரும்னு எனக்குத் தெரியுமே. நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. வூட்டுல ஒரு பழைய செருப்ப மூலையில போட்டா மறுநாளு கொதறி வெச்சிருக்கும். உனக்குத் தெரியாதா? தோல் ஷாப்புல வேல செஞ்சேன்ற?”

நான் வார்டின் கதவுப் பக்கம் பார்த்தேன்.

“உள்ள போய் பொண்ண பாக்கறேன் கீக்கறேன்னு நிக்காத. அதுக்கு இத கேக்க இப்ப தெம்பு இல்ல. போ. சொல்ல வேண்டிய எடத்துல போயி சொல்லு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆம்பூர் பஸ்ஸில் டிரைவர் முன் சீட்டிலும் நான் பின்னாலும் உட்கார்ந்தோம். அவர் தானே இரண்டு டிக்கெட்டும் எடுத்தார். மாதனூர் வரும்வரை திரும்பவில்லை. பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“மத்த வண்டில?”

“எல்லாத்துலயும் எடுத்துட்டேன்ணா.”

“நெஜமா?”

“நெஜமா.”

ஆம்பூரில் இறங்கி நேராக ஸ்டேஷனுக்குப் போனோம்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பாதியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“தோலு எங்க?”

“எரிச்சுட்டேன் சார்.”

“எரிச்சுட்ட. எலி?”

“சார்?”

“எலியையாவது கூட்டிகினு வந்தியா சாட்சிக்கு?” பக்கத்து மேஜையில் இருந்தவர் சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. டிரைவரைப் பார்த்து, “நீங்க சொல்லிக் குடுத்து கூட்டியாந்தீங்களா?” என்று கேட்டார்.

“சொல்லிக் குடுக்கறதுன்னா ஃபேன் வயரு நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லியிருப்பேன் சார். அதத்தான் போன்ல சொன்னேன். இது அவனா வந்து சொல்றது” என்றார் டிரைவர்.

ஓனரை வரச் சொல்லிப் போன் போட்டார்கள். அரைமணியில் வந்தார். அவர் மறுத்துவிட்டால் என் பேச்சு எடுபடாது. மறுப்பது அவருக்கு லாபமும்கூட. டிரைவர் தானாக மாட்டிய ஃபேன் என்று போனால் அவர் தலை தப்பும். வாட்ச்மேன் அவர் சம்மதத்தோடு சுற்றிய தோல் என்று வந்தால் அவரும் உள்ளே வருவார். நின்று என்னைப் பார்த்தார்.

“சுத்துனான் சார். நான்தான் எல்லா வண்டிக்கும் சுத்துன்னு சொன்னேன். எண்ணெத் தோலுன்னு எனக்கும் தோணல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “காலையில பாத்தியாமே. என்கிட்ட ஒரு போன் போட்டிருந்தா பேஜாரே இல்ல. வண்டி ஒரு நாளு நின்னிருக்கும். அவ்ளோதான்” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை.

எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் அவ்வளவு எழுதியது அன்றுதான். துடைப்பத்தில் துணுக்கு சிக்கியதிலிருந்து கேட்டைத் திறந்துவிட்டது வரை எழுதினேன். எஸ்.ஐ. படித்துப் பார்த்து, ஃபேன் வயரையும் என் தோலையும் இரண்டையுமே குறித்துக்கொண்டார். வண்டியைப் பார்க்க மோட்டார் இன்ஸ்பெக்டர் வருவார், அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் நிற்கும் என்றார். அதுவரை லைசென்ஸ் அங்கேயே இருக்கும். டிரைவரைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

“நீ எந்த ஊரு?” என்று எஸ்.ஐ. என்னிடம் கேட்டார்.

எனக்கு ஊர் என்று சொல்ல ஒன்று இல்லாமல் போய் ரொம்ப வருடம் ஆகிறது. ஆதார் அட்டையில் இருப்பதைச் சொன்னேன்.

“அங்க யாரு கீறாங்க?”

“யாரும் இல்ல சார்.”

“அப்ப இந்த ஊர்லயே இரு. கூப்பிட்டா அரைமணில வந்து நிக்கணும். ஒரு மாசமாவும், ஆறு மாசமாவும். எங்க தங்கற, எங்க வேல செய்யற, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வந்து சொல்லிட்டுப் போ. காணாமப் போய்ட்டா இந்தப் பேப்பரு குப்பைக்குத்தான் போவும். அவரு தலையிலதான் விடியும்” என்று டிரைவரைக் காட்டினார்.

வெளியே வந்தோம். டிரைவர் கடைசி பஸ்ஸுக்குள் வேலூர் திரும்ப வேண்டும், அந்த அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கித்தர ஆளில்லை என்றார்.

“நீ எத்தன எடத்துலேர்ந்து சொல்லாம ஓடிக்கிறன்னு எனக்குத் தெரியும். டீ குடிக்கும்போது நீயே கத கதையா சொல்லிக்கிற. நான் சிரிச்சுகினு கேட்டேன்” என்றார்.

“போவ மாட்டேன்ணா.”

“வாயால சொல்லாத” என்றுவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் காலையில் வேலை தேடினேன். வண்டி இருக்கும் எந்த இடத்திலும் கேட்க முடியாது. ஒர்க் ஷாப், லாரி ஆபீஸ், பெட்ரோல் பங்க் எல்லா இடத்திலும் செய்தி போயிருந்தது. ஒரு பஞ்சர் கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, “தம்பி, இந்தப் பக்கம் வராத, ஒரு வண்டிதான் வெச்சிருக்கேன்” என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எட்டு மணிக்குள் நான்கு இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பச்சைத் தோல் மண்டி ஒன்றில் உப்பு தட்ட ஆள் வேண்டும் என்றார்கள். வெளியூரிலிருந்து உப்புக்குள் மூடி வரும் ஆட்டுத்தோல்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, ஒட்டிய உப்பைத் தட்டி, எண்ணி அடுக்க வேண்டும். கையில் சின்ன வெடிப்பு இருந்தாலும் உப்பு உள்ளே இறங்கும். நான்கு நாளுக்கு மேல் யாரும் நிற்பதில்லை என்பதால் அங்கே யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் மேஸ்திரி ஒன்று கேட்டார்.

“எத்தன நாளு இருப்ப?”

“தெரியாதுங்க. ஸ்டேஷன்ல போலாம்னு சொல்ற வரைக்கும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா கேஸு?”

சொன்னேன். பாதி கேட்டதும் கையை ஆட்டினார்.

“செய்தி வந்துச்சு. நீதானா அது? நம்மகிட்ட வண்டி இல்ல, ஒண்ணும் கெட்டுப்போவாது. இங்க வர்றவன் எல்லாம் ஆயுசுக்கும் இருப்பேன்றான், சம்பளம் வாங்கினதும் காணாமப் போறான். நீ போவ முடியாதவன். எனக்கு அப்படி ஒருத்தன்தான் வேணும்.”

அங்கேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்ளலாம் என்றார். மண்டியின் பேரையும் தெருவையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன், சாயங்காலம் ஸ்டேஷனில் சொல்ல. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். இடுப்பு உயரத்துக்குத் தோல் குவிந்திருந்தது. மேலே இருந்ததை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி உதறினேன். உப்பு முகத்தில் அடித்தது.

“கண்ண மூடிகினு உதறு” என்றார் மேஸ்திரி. “எண்ணிக்க விட்டுடாத.”

ஒன்று என்று சொல்லி ஓரமாகப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தேன்.